ஈரக்காற்றும் சிலந்திப் பசையும்

கிப்தோ
செப்டம்பர் 14

லெய்டருக்கு,

நேற்று முழுக்க நீ போன் செய்துகொண்டே இருந்தாய். நான் எடுக்கவில்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் கடைசியில் நான்தான் உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். சித்தி வீட்டில் நாம் ஒன்றாக வளர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். இந்தப் பெட்டியை மெதெயின் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். சிலந்திப் பசையைப் பார்த்து உங்கள் ஆய்வகத்தில் செய்து நீ அனுப்பிய ஒட்டுப்பட்டைகளில் மீந்தவை உள்ளே இருக்கின்றன. அவை இனி எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் குழந்தைகள் வார்டு டாக்டர் கைசெடோ உனக்குச் சுருக்கமாக எழுதியிருப்பார். நடந்தது இது.

முரில்யோ குடும்பத்துக் குழந்தை மூன்று மாதம் முன்னதாகப் பிறந்தவள். ஒரு பெரிய போரோஹோ பழத்தைவிடக் கனமில்லை. ஆற்றோரம் மீன் விற்கும் யிர்லேசாதான் தாய். குழந்தைக்கு யாசுரி என்று பெயர் வைத்திருக்கிறாள். இந்த மாதிரிப் பிள்ளைகளின் தோல், கொதிக்கும் பாலின் மேல் படியும் ஆடைபோல இருக்கும். சாதாரணப் பிளாஸ்திரியை எடுத்தால் தோலும் கூடவே வந்துவிடும். உன் பட்டைக்காக நான் மருத்துவமனைக் கமிட்டி முன்னால் கெஞ்சியது அதனால்தான். நீயும் வந்து நின்றாய். ஈரமான பன்றித் தோலில் ஒரு கரண்டியை ஒட்டி, தலைகீழாகப் பிடித்துக் காட்டினாய். "தண்ணிக்குள்ளயே ஒட்டும் டாக்டர், நம்ம ஊர் வேர்வை எம்மாத்திரம்?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உடல் சூட்டை அளக்கும் கம்பியை ஒட்ட மட்டும் பயன்படுத்தலாம் என்று அனுமதி தந்தார்கள்.

சனிக்கிழமை மதியம் அந்தப் பட்டை யாசுரியின் வயிற்றிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டது. கம்பி மெத்தையில் கிடந்திருக்கிறது. மெத்தையின் குறைந்த சூட்டைப் பிள்ளையின் சூடு என்று நினைத்துக்கொண்டு, இன்குபேட்டர் மேலும் மேலும் சூடேற்றியிருக்கிறது. நர்ஸ் மெலிதா திரும்பிப் பார்த்தபோது பிள்ளை வெந்த இறால்போலச் சிவந்து, மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தாள். மெலிதா பாதத்தைச் சுண்டிச் சுண்டி மூச்சைத் திரும்ப வரவழைத்தாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். சோதனையை நிறுத்திவிட்டார்கள். பழைய பிளாஸ்திரிக்குத் திரும்பியிருக்கிறோம். இன்று காலை அதை மாற்றும்போது யாசுரியின் வயிற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்து வந்தது.

ஏன் வழுக்கியது என்று எனக்குச் சொல். உன் பேச்சை நம்பி நான் வாக்குக் கொடுத்தேன்.

எனெய்தா


மெதெயின்
செப்டம்பர் 18

அக்காவுக்கு,

பெட்டி கிடைத்தது. குழந்தை நலம் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் திருப்பி அனுப்பிய பட்டைகளை இரண்டு நாட்களாகச் சோதித்தோம். எல்லாம் ஒட்டுகின்றன. உலர்ந்த தோலில் ஒட்டுகின்றன, ஈரத் தோலில் ஒட்டுகின்றன, தண்ணீருக்குள்ளும் ஒட்டுகின்றன. பசையில் குறையில்லை. அப்படியானால் குறை ஒட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இதைக் கேட்பதற்குக் கோபிக்க வேண்டாம். நானும் அந்த ஊரில் பிறந்தவன்தான். தொப்புளில் அனான்சே வைப்பது எனக்குத் தெரியாததா? சிலந்தியைக் காயவைத்துப் பொடித்து, எண்ணெயில் குழைத்து வைத்தால் பிள்ளை கதையில் வரும் தந்திரச் சிலந்தி அனான்சேயைப்போல எங்கு போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்று நம் வீட்டிலேயே செய்தார்கள். உங்களுக்கு வைத்தது அதுதானே? பட்டை ஒட்டியிருந்தது தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி. தாய்மார்கள் இன்குபேட்டரின் துளை வழியாகக் கைவிட்டுப் பிள்ளைகளைத் தொடுகிறார்கள். யாராவது ரகசியமாக ஏதாவது தடவியிருந்தால்?

நிதி தருபவர்கள் மாத முடிவுக்குள் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்தத் திட்டம் நின்றால் என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் வெளியே போக வேண்டியதுதான். அதனால் உங்கள் மருத்துவமனைக் கமிட்டிக்கு ஓர் அறிக்கை அனுப்பியிருக்கிறேன். "உள்ளூர்ப் பழக்கங்களால் தோலில் எண்ணெயோ பொடியோ பட்டிருக்கக்கூடும்" என்று ஒரு வரி எழுதினேன். இருக்கக்கூடும் என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் பெயரையும் சொல்லவில்லை.

சித்திக்கு என் அன்பைச் சொல்லவும்.

லெய்டர்


கிப்தோ
செப்டம்பர் 23

லெய்டர்,

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கமிட்டிக்கு எழுதிய பேனாவின் மை இன்னும் காயவில்லைபோல.

உன் அந்த ஒரு வரி என்ன செய்தது என்று கேள். திங்கட்கிழமை கமிட்டி கூடியது. "இருக்கக்கூடும்" என்பதை யாரும் படிக்கவில்லை. "உள்ளூர்ப் பழக்கங்கள்" என்பதை எல்லோரும் படித்தார்கள். தாய்மார்கள் இனி இன்குபேட்டருக்குள் கைவிடக் கூடாது என்று வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

யிர்லேசா முன்பெல்லாம் மீன் விற்றுவிட்டு வந்து, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவி, உள்ளே கைவிட்டு, யாசுரியின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். அசைக்கமாட்டாள். அசைத்தால் பிள்ளைக்குக் களைப்பு என்று நாங்கள் சொல்லியிருந்தோம். அந்தக் கை இருக்கும் நேரத்தில் பிள்ளையின் நாடித்துடிப்பு நிதானமாக ஓடும். திரையில் நாங்களே பார்த்திருக்கிறோம். இப்போது அவள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள்.

"என் கை நாறுதா சிஸ்டர்? மீன் வாடை அடிக்குதுன்னா சொல்லுங்க, வியாபாரத்தையே விட்டுடறேன்" என்றாள்.

"அதில்லடி."

"அப்புறம் என்ன? எம் புள்ளைய நானே சுட்டுட்டேன்னு பேசிக்கிறாங்களே, அதுவா?"

அவளைத் துணி வெளுக்கும் அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"எங்கிட்ட மட்டும் சொல்லு. ஏதாவது வச்சியா?"

"வைக்கல."

"கொண்டு வந்தியா?"

கதவைச் சாத்தினாள். பிறகு ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். உள்ளே வாழைச் சருகில் மடித்த பொடி இருந்தது. மடிப்பு பிரிக்கப்படவில்லை.

"கொடி இன்னும் விழலையே சிஸ்டர். விழுந்தப்புறம்தானே வைக்கணும்? இதுகூடத் தெரியாமலா நான் புள்ள பெத்தேன்?"

இதை நான் உன்னிடமிருந்து மறைத்திருக்கலாம். மறைத்தால் நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்து, பார், சொன்னேனே என்பார்கள். பொடி வந்தது உண்மை. வைக்காததும் உண்மை. நாங்கள் பேசியதற்கு மறுநாள், நேற்றுத்தான் யாசுரியின் கொடி விழுந்தது. பட்டை வழுக்கியது அதற்கு ஒரு வாரத்துக்கும் முன்னால். கொடி விழாமல் யாரும் தொப்புளில் எதையும் வைப்பதில்லை. மெதெயின்காரன் ஒருவன் இப்படி எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். நீ நம் வீட்டில் பிறந்தவன். உன் தொப்புளில் எறும்பு வைத்ததை நானே நின்று பார்த்தேன். அதனால்தான் வரிசை தப்பாமல் முன்னால் போகிறவன் பின்னாலேயே போகிறாய்.

தீப்பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. ஆறாத தொப்புளில் அதை வைக்க நானும் விடமாட்டேன். வீட்டுக்குப் போகும் நாளில் அவளிடமே கொடுப்பேன்.

அந்த வரியை வாபஸ் வாங்கு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

எனெய்தா


மெதெயின்
செப்டம்பர் 28

அக்கா,

கொடி விஷயம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்றே பன்றித் தோலில் தேங்காயெண்ணெய் தடவி, அதன்மேல் பட்டையை ஒட்டினேன். வழுக்கினால் என் அறிக்கை நிற்கும் என்ற ஆசையோடுதான் ஒட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டிக்கொண்டது. மாவைத் தூவி ஒட்டினேன். அப்போதும் ஒட்டிக்கொண்டது. எண்ணெயை விலக்கிக்கொண்டு ஒட்டுவதற்காகத்தானே அந்தப் பசையை மூன்று வருஷமாகச் செய்தோம்? என் அறிக்கையை என் பட்டையே பொய்யாக்கிவிட்டது.

ஆனால் காரணம் என்னவென்று இன்னும் தெரியவில்லை. தெரியாமல் வாபஸ் வாங்கினால் "அப்படியானால் பசைதான் கெட்டது" என்று மூட்டை கட்டிவிடுவார்கள். எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "காரணத்தோட போ, இல்லேன்னா போகாதே" என்றார். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

யாருக்கெல்லாம் வழுக்கியது, யாருக்கெல்லாம் ஒட்டியது என்று எழுது. எத்தனை வாரத்துப் பிள்ளை, எந்த இன்குபேட்டர், உள்ளே என்ன சூடு, என்ன ஈரம், எல்லாம் வேண்டும்.

லெய்டர்


கிப்தோ
அக்டோபர் 2

லெய்டர்,

சான் பாச்சோ திருவிழா ஊர்வலம் மருத்துவமனைத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறது. இன்று எந்தப் பேட்டையின் முறை என்று தெரியவில்லை, மேளமும் கிளாரினெட்டும் சுவரை உலுக்குகின்றன. மெலிதா இன்குபேட்டர்களின் மேல் போர்வை போட்டு மூடிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்குக் காது நோகக் கூடாதாம். அவள் கால் மட்டும் தாளம் போடுகிறது.

நீ கேட்டதற்குப் பதில். பிறந்து சில வாரம் தாண்டிய பிள்ளைகளிடம் உன் பட்டை நன்றாகவே ஒட்டியது. எடுக்கும்போது தோலும் உரியவில்லை. அதை மறுக்கமாட்டேன். வழுக்கியது யாசுரிக்கு மட்டுமில்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேருக்கு ஓரம் நழுவியிருந்தது. சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து நாங்களே மறுபடி அழுத்திவிட்டோம். மூன்று பேரும் புதிதாகப் பிறந்தவர்கள். அந்த வயதுப் பிள்ளைகளின் தோல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, ஆவியாக விட்டுவிடும். அதனால் இன்குபேட்டருக்குள் காற்றை நனைத்து வைப்போம். எண்பது சதவீதத்துக்கும் மேல் ஈரம். கண்ணாடியின் உட்புறம் துளித்துளியாக வடியும். தோல் தேறத் தேற ஈரத்தைக் குறைப்போம். நர்ஸ் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. நீ கேட்டிருந்தால், கரண்டியோடு வந்து நின்ற ஜூலையிலேயே சொல்லியிருப்பேன்.

யிர்லேசாவுக்குப் பால் குறைந்துகொண்டு வருகிறது. பிள்ளையைத் தொட்டுவிட்டு வந்து பீய்ச்சினால் புட்டியில் பாதிவரை வரும். இப்போது அடியை நனைக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து இன்குபேட்டர் பிள்ளையின் தாய், "போரோஹோ சாறு குடி, பொங்கி வரும்" என்று கேலி செய்தாள். "அது ஆம்பளைங்க வீரியத்துக்குடி" என்று யிர்லேசாவும் சிரித்தாள். பிறகு புட்டியைத் துணியில் சுற்றி மறைத்து எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள்.

பொறுத்துக்கொள் என்கிறாய். எனக்குப் பொறுமை உண்டு. அவளுடைய பால் பொறுக்காது.

எனெய்தா


மெதெயின்
அக்டோபர் 7

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். குற்றம் எங்களுடையது.

உன் கடிதத்தைப் படித்ததும், ஒரு மூடிய பெட்டிக்குள் ஈரத்துணியும் சின்ன ஹீட்டரும் வைத்து, பன்றித் தோலில் பட்டையை ஒட்டி உள்ளே வைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பசை முட்டையின் வெள்ளைக் கருபோலக் குழைந்து, பட்டை அடியில் கிடந்தது. தண்ணீருக்குள் பத்து நிமிஷம் சோதித்திருக்கிறோம். ஈரக் காற்றில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. இங்கே துவைத்த துணி மதியத்துக்குள் காய்ந்துவிடும். வருஷம் முழுக்க ஒரே வசந்தம் என்று பெருமை வேறு பேசிக்கொள்கிறோம். நான் வளர்ந்த ஊரில் அலமாரிக்குள் இருக்கும் செருப்பில் பூஞ்சை பூக்கும். அதை மறந்துவிட்டேன்.

காரணத்தை உனக்குப் புரியும்படி சொல்கிறேன். சிலந்தி வலையில் மணிமணியாக இருக்கும் பசையில் ஒருவகை உப்புகள் உண்டு. அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பசையைக் காயாமல் வைத்திருக்கும். காய்ந்த இடத்தில் வாழும் சிலந்தியின் பசை நிறைய இழுக்கும். ஈரமான இடத்துச் சிலந்தியின் பசை கொஞ்சமாக இழுக்கும். ஒவ்வொன்றும் அதன் ஊர்க் காற்றுக்கு ஏற்றபடி. நாங்கள் எங்கள் கலவையைப் பல்கலைக்கழகத் தோட்டத்துச் சிலந்தியைப் பார்த்துச் செய்தோம். அது உங்கள் இன்குபேட்டரின் காற்றில் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கரைந்துவிட்டது.

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்து விளக்குக் கம்பத்தில் ஏறி, சிறுநீர்ப் பரிசோதனைக் கிண்ணங்களில் சிலந்திகளைப் பிடித்து அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? "அனான்சே வச்சவ நான், என்னை அது கடிக்காது" என்று எழுதியிருந்தாய். அவற்றின் பசையைப் பார்த்து இரண்டாவது கலவை ஒன்றைச் செய்தோம். தோலுக்குக் கெடுதி இல்லை என்று எல்லாச் சோதனையும் முடித்தோம். ஆனால் எங்கள் அறையின் காற்றில் அது காகிதம்போலக் காய்ந்து உதிர்ந்தது. உதவாது என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். ஈரப் பெட்டிக்குள் இப்போது அதை வைத்துப் பார்த்தேன். பிடித்த பிடியை விடவில்லை. உப்பு நீரில் நனைத்த பஞ்சால் ஓரத்தைத் தொட்டதும் தானாக எழுந்து வந்தது.

கமிட்டிக்கு எழுதிய கடிதத்தின் நகலை இதோடு வரும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பேராசிரியரிடம் கேட்கவில்லை. அனுப்பிவிட்டு வந்துதான் சொன்னேன். அவர் நகலை வாங்கிப் படித்தார். பிறகு, "நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன், கேட்டிருக்கலாம்" என்றார். நிதி தருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

புதிய பட்டைகள் பெட்டியில் இருக்கின்றன. அனுமதி கிடைத்தால் மட்டும் பயன்படுத்து. கூடவே இரண்டாவதாக இன்னொரு சூட்டுக் கம்பியும் வைக்கச் சொல். இனி என் வாக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

லெய்டர்


கிப்தோ
அக்டோபர் 13

லெய்டர்,

உன் கடிதத்தை டாக்டர் கைசெடோ கமிட்டியில் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். இரண்டாவது தடவை "குற்றம் எங்களுடையது" என்ற வரியில் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு தானே எழுந்து போய் வாசலில் இருந்த அறிவிப்பைக் கிழித்தார். முனையில் ஒட்டியிருந்த பசை மட்டும் போகவில்லை. "இத எந்தச் சிலந்தி பண்ணிச்சோ" என்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

யிர்லேசாவைக் கூப்பிட்டு உள்ளே விட்டோம். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முழங்கைவரை கழுவினாள். மறுபடி கழுவினாள். மெலிதா, "போதும்டி, தோல் உரிஞ்சுடப் போகுது" என்ற பிறகுதான் குழாயை மூடினாள். கையை உள்ளே விட்டு, தொடாமல், பிள்ளையின் தலைக்கு மேல் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பயம். "மறந்திருப்பாளா சிஸ்டர்?" என்று கேட்டாள். "வச்சுப் பாரு" என்றேன். வைத்தாள். திரையில் துடிப்பு முதலில் ஏறியது. எனக்கும் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறங்கி நிதானமாயிற்று.

உன் புதிய பட்டைக்குக் கமிட்டி சம்மதித்துவிட்டது. இரண்டாவது கம்பியோடு. ஆனால் தாயின் கையெழுத்து வேண்டும். யாசுரியின் வயிற்றில் உரிந்த இடம் ஆறிவருகிறது. அதன் பக்கத்திலேயே நேற்று பிளாஸ்திரி எடுக்கும்போது மறுபடி கொஞ்சம் உரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் சத்தமே வராமல் அழுது, மூச்சை நிறுத்தி, நீலம் பாய்கிறாள். யிர்லேசா அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள். இருந்தும் கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

"அந்தப் பட்டைய எம்மேல பழி போட்டவர்தானே பண்ணாரு?"

"அவன்தான். அவனே தப்புன்னு எழுதிட்டான்."

"கமிட்டிக்கு எழுதினாரு. எனக்கு எழுதினாரா?"

"உனக்கும் எழுதச் சொல்லவா?"

"எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா பேப்பர்ல சொன்னா பேப்பருக்குத்தான் கேக்கும். என்னைப் பத்தி இந்தத் தாழ்வாரம் பூரா பேசினாங்க. இதே தாழ்வாரத்துல வந்து நின்னு அவரு வாயால சொல்லட்டும்."

நான் அவளுக்குப் பரிந்து பேசவில்லை. நடந்ததை எழுதினேன். முடிவு உன்னுடையது.

எனெய்தா


மெதெயின்
அக்டோபர் 16

அக்கா,

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏறுகிறேன். மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதாம். இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வேறு பஸ் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். நடப்பேன்.

என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் அறிக்கைபோல இருக்கிறது. எதுவும் இல்லாமலே வருகிறேன்.

சித்தியிடம் சொல்லிவிடு. உப்பு மீனும் வாழைக்காயும் போதும்.

லெய்டர்


கிப்தோ
அக்டோபர் 29

லெய்டருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று சித்தி சொன்னாள். உன் செருப்பை இங்கேயே விட்டுவிட்டாயாம். மழையில் நனைந்தது காயட்டும் என்று அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறாள். உன் பேராசிரியர் நிதிக்காரர்களிடம் பேசி வருஷக் கடைசிவரை அவகாசம் வாங்கியதையும் சொன்னாள். நல்லது.

தாழ்வாரத்தில் நீ பேசியதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ சொன்னதே இரண்டு வாக்கியம்தான். "இந்தம்மா மேல தப்பில்ல. நான் தெரியாத விஷயத்தத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்." இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் யிர்லேசா நம்பியிருக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அவளே உன் கையைப் பிடித்து, முழங்கைக்கு உட்புறம் ஒரு பிளாஸ்திரியும் பக்கத்தில் உன் பட்டையும் ஒட்டி, துணி வெளுக்கும் அறையின் ஆவியில் மதியம்வரை உன்னை உட்காரவைத்தாளே, அது அவள் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. பட்டையை எடுத்தது உனக்கே தெரியவில்லை, ஆனால் பிளாஸ்திரியை இழுத்தபோது நீ கத்திய கத்தலைப் பக்கத்து இன்குபேட்டர் பிள்ளையின் தாய் தினமும் நடித்துக் காட்டுகிறாள். "இவ்வளவு பெரிய ஆம்பளை முடி போனதுக்கே கத்துறாரே, எங்க புள்ளைங்க தோல் போனா கத்தாதா?" என்கிறாள். வேண்டுமென்றால் கோபித்துக்கொள்.

நீ பஸ் ஏறியதும் யிர்லேசா கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பட்டையை ஒட்டினோம். தோல் இன்னும் தேறாததால் குறைக்காமல் வைத்திருக்கும் இன்குபேட்டர் ஈரத்தில் அது நகரவில்லை. இரண்டாவது கம்பியும் பட்டையின் கீழ் இருந்த கம்பியும் ஒரே அளவைத்தான் காட்டின. டாக்டர் கைசெடோ சுற்றுக்கு வரும்போதெல்லாம் குனிந்து பார்ப்பார், இரண்டு அளவையும் குறித்துக்கொண்டு போவார். யிர்லேசாவின் புட்டி பாதியைத் தாண்டவில்லை. ஆனால் அடியை நனைப்பதோடு நிற்கவுமில்லை.

இன்று பட்டையை எடுக்கும் நாள். மெலிதா உப்பு நீரையும் பஞ்சையும் தயாராக வைத்தாள். நான் கையுறை போட்டுக்கொண்டேன். யிர்லேசா, "நானே எடுக்கறேன் சிஸ்டர்" என்றாள்.

"பழக்கமில்லாம எடுத்தா..."

"எடுக்கறவங்க கைல அவ துடிச்சதப் பார்த்துட்டேன். இந்தத் தடவையும் துடிச்சா, அது எங் கைலயே இருக்கட்டும்."

என் கையுறையைக் கழற்றிவிட்டு, அவளுக்குப் புதிய ஜோடி ஒன்றைக் கொடுத்தேன். நனைத்த பஞ்சால் ஓரத்தைத் தொட்டாள். காத்திருந்தாள். மறுபடி தொட்டாள். ஓரம் எழுந்தது. அதைப் பிடித்து மெதுவாக மடக்கிக்கொண்டே வந்தாள். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "போ" என்று தலையசைத்தேன். முழுக்க வந்துவிட்டது.

பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைத் தேடினாள். தோல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகு குனிந்து பிள்ளையின் வயிற்றைப் பார்த்தாள். ஒட்டியிருந்த இடம் எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் உடனே தெரியவில்லை.

நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு, அழுகைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். யிர்லேசாதான் முதலில் சொன்னாள். சத்தம் போட்டால் கலைந்துவிடுமோ என்பதுபோல மிக மெதுவாகச் சொன்னாள்.

"தூங்கிக்கிட்டே இருக்கா சிஸ்டர்."

எனெய்தா